இன்னும் தரவில்லை

கொக்கி தர வேண்டியது பதினாலாயிரத்து அறுநூற்று நாற்பது. தள்ளுவண்டி அதைக் காலையில் பல் விளக்கும்போது நினைத்துக்கொள்வார், சாப்பிட உட்காரும்போதும் நினைத்துக்கொள்வார். மறந்துபோகும் என்ற பயத்தினால் அல்ல. கொக்கியை நினைத்தாலே நெஞ்சுக்குள் ஒரு எரிச்சல் கிளம்பும். அந்த எரிச்சலுக்குக் காரணம் பணம்தான் என்று சொல்லிக்கொள்ளத் தொகை கைவசம் இருப்பது வசதியாக இருந்தது.

தள்ளுவண்டி என்பது அரசாங்கச் சரக்குக் கிடங்கில் அவருக்கு வைத்த பெயர். நாலு சக்கரத்தில் ஒன்று சுற்றாத வண்டியில் மூட்டைகளை ஏற்றித் தள்ளுவது அவர் வேலை. கொக்கி அவருடைய மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. இரும்புக் கொக்கியை மூட்டையில் மாட்டி லாரிக்கு ஏற்றுகிறவன். இருவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர்கள் உண்டு. சம்பளம் கொடுக்கிற கேஷியர் மட்டும் அவற்றைச் சொல்வார், அதுவும் தப்பாக.

அந்தக் கிடங்கில் கக்கூஸுக்குப் பூட்டு போட்டிருந்தார்கள். சாவி மேற்பார்வையாளர் மேஜையில் இருக்கும். எதற்கு வேண்டும் என்று காரணம் சொல்லித்தான் வாங்க வேண்டும். சொன்ன காரணம் போதாது என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. வரிசையில் காலை மாற்றி மாற்றி நின்றவர்கள் சும்மா நிற்க முடியாமல் காலி டிரம்மைத் தட்ட ஆரம்பித்தார்கள். தட்டுக்குத் தோதாகக் கொக்கி பேசினான். அவன் நிறுத்திய இடத்தில் தள்ளுவண்டி எடுத்தார். இதற்கு ராப் என்று பெயர் என்பதை லாரி டிரைவர் ஒருவர்தான் வந்து சொன்னார்.

*கக்கூஸ் கதவுக்குப் பூட்டு, சாவி யாரு கையில?*
*கால் கடுக்க நின்ன நேரம் சேருது யார் பையில?*
*தூக்கு தூக்குன்னு சொல்ற, ஏத்து ஏத்துன்னு சொல்ற,*
*தூக்கினவன் விழுந்துபுட்டா யாரு நீன்னு கேக்குற!*

இதில் பாதி தள்ளுவண்டி போட்டது. எந்தப் பாதி என்பதில்தான் இருவருக்கும் ஒத்துப்போகாது.

ஒரு மைக்கும் சின்ன ஸ்பீக்கரும் வாங்கத் தள்ளுவண்டி பணம் சேர்த்து வந்தார். கடைக் கண்ணாடிக்குள் இருந்த அந்த மைக்கை அவர் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்வார். பணம் சேர்ந்த வாரமே கொக்கி வந்து நின்றான். "ரெண்டே மாசம் மாமா. தலையை அடகு வச்சாவது குடுத்துடறேன்." மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மனைவி பார்க்கும்போது அவள் தம்பிக்கு இல்லை என்று சொல்லக்கூடிய ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. கொடுத்தார். கொக்கி நேரே போய் அதே கடையில் அதே மைக்கை வாங்கினான்.

பாட்டு கைபேசிக்குக் கைபேசி பரவி, மற்றக் கிடங்குகளிலும் டிரம்மைத் தட்ட ஆரம்பித்தார்கள். அரசாங்கம் ஆலோசித்தது. இரண்டு வழிகள் இருந்தன. கக்கூஸ் பூட்டுகளைத் திறந்துவிடலாம். அல்லது இதற்கென்று ஒரு வாரியம் அமைக்கலாம். பூட்டைத் திறக்க நிதி இல்லை. வாரியத்துக்கு இருந்தது.

இப்படியாக எதிர்ப்பிசை வாரியம் மூன்று மாடிக் கட்டடத்தில், வாசலில் நீரூற்றோடு திறக்கப்பட்டது. அரசாங்கத்தை எதிர்த்து ராப் பாட விரும்புகிற எவரும் இனி வாரியத்தின் சான்றிதழ் பெற்றுத்தான் பாட வேண்டும். தலைவராக வந்தவர் அதற்குமுன் கழிவுநீர்த் துறையில் இருந்தவர். எது எங்கே அடைத்துக்கொள்ளும் என்பதில் அவருக்கு நீண்ட அனுபவம்.

வாரியத்தின் விதி எளிமையானது. 'அங்கே ஒன்று, இங்கே ஒன்று.' வெளியே இருப்பவர்களைக் குறை சொல்லி ஒரு வரி பாடினால், தன்னையே குறை சொல்லி ஒரு வரி பாட வேண்டும். மேடையில் இரண்டு விளக்குகள். வெளியே திட்டினால் சிவப்பு எரியும், தன்னைத் திட்டிக்கொண்டால் பச்சை. சிவப்பு மிஞ்சினால் மைக்குக்குக் கரண்டு தானாக நின்றுவிடும். தன் குறை என்னவென்று கலைஞர் மூளையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம் என்று, அங்கீகரிக்கப்பட்ட குறைகளை வாரியமே சுவரில் எழுதி வைத்திருந்தது: சோம்பல், முன்கோபம், குடி, பெற்றவளை மறத்தல், வாங்கிய கடனைத் திருப்பித் தராமை. சொல்கிற குறை உண்மையாக இருக்க வேண்டும். அதில் வாரியம் கறாராக இருந்தது.

கொக்கி முதலில் சோம்பல் என்று எழுதிக் கொடுத்தான். மதிப்பீட்டு அதிகாரியான அம்மா அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தள்ளுபடி செய்தார். கடைசியில் அவன் கடனைச் சொன்னான். சாட்சிக்குத் தள்ளுவண்டியைக் கூப்பிட்டார்கள். அவர் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓடினார். தன் வயிற்றெரிச்சலை அரசாங்கமே கேட்கிறது என்றால் சும்மாவா?

"இவர் உங்களுக்குக் கடனைத் திருப்பித் தரலையா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தரலை! இன்னும் தரலை! கேட்டா சிரிக்கறான்!"

அந்த அம்மாவின் கண் கலங்கியது. "எவ்வளவு உண்மை!" என்று சொல்லிக் கொக்கியின் சான்றிதழில் முத்திரை குத்தினார்.

*கேள்வி கேக்குற வாய் இது, கடன் வாங்கின வாய் இது,*
*மாமன் காசுல மைக்கு வாங்கி அதுல குரைக்கிற நாய் இது!*

இந்த வரிகள்தான் கொக்கியைத் தூக்கி விட்டன. ஒரு மாதத்தில் பஸ்ஸின் முதுகில் அவன் முகம் வந்தது. கறுப்புக் கண்ணாடி வந்தது. தள்ளுவண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தால், எதிரே பஸ்ஸில் கொக்கி போய்க்கொண்டிருப்பான். ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. பஸ் திரும்பினால் அந்தப் பக்கமும் இருந்தான்.

மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். மடிப்பு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும் அவளுக்கு.

"ஏங்க, உங்களுக்குக் காசு வேணுமா, இல்ல அவன் கையில இருக்கற மைக்கு வேணுமா?"

"காசு."

"அப்ப அவன் பாட்டு வந்தா ஏன் ரேடியோ சத்தத்தைக் குறைக்கறீங்க? காசு என்ன ரேடியோக்குள்ளயா இருக்கு?"

"உன் தம்பியாச்சே, அதான் பேசற."

"தம்பி என்னோடது. பொறாமை உங்களோடது. அவரவர் பொருளை அவரவர் வச்சுக்கலாம்."

பாடியதற்கு வாரியத்தில் சம்பளம் வந்ததும் கொக்கி பணத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தள்ளுவண்டி கையை நீட்டினார். கொக்கி உறையைக் கொடுக்காமல் தலையைச் சொறிந்தான்.

"வாரியத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்துடறேன் மாமா. சான்றிதழ் பின்னாடி பொடி எழுத்துல ஏதோ போட்டிருக்கான்."

மறுநாள் இருவரும் போனார்கள். மதிப்பீட்டு அம்மா உறையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்ன காரியம் பண்ணப் பாத்தீங்க! நீங்க கடனைக் குடுத்துட்டா, தரலைன்னு பாடறது பொய்யாயிடுமே? பொய்யான சுயவிமர்சனத்துக்கு அரசாங்கம் எப்படித் துணை போகும்? நேர்மைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

"அப்ப என் காசும்மா?" என்றார் தள்ளுவண்டி.

"அது இப்ப வெறும் காசு இல்லைங்க. பாட்டோட ஒரு அங்கம். பிடுங்கினா பாட்டுக்கு ரத்தம் வரும்."

வாரியம் அவரைக் கைவிட்டுவிடவில்லை. கடன் உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு மேடையிலும் சாட்சி வேண்டும் என்று முடிவாகி, தள்ளுவண்டிக்கு மேடையில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் வருத்தத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு வருத்தப்படி என்று தினம் ஒரு தொகை. பாட்டின் நடுவில் கொக்கி மைக்கை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவான். அவர் "இன்னும் தரலை" என்று சொல்ல வேண்டும். கூட்டம் "ஐயோ" என்னும். அவ்வளவுதான்.

மதிப்பீட்டு அம்மாவே பயிற்சி கொடுத்தார். "உதட்டைக் கீழ விடுங்க. தோளைத் தொங்கப் போடுங்க. கண்ணுல கொஞ்சம் மன்னிப்பு வரட்டும்... ஏன் இப்படிப் பாக்கறீங்க? இது வருத்தம் மாதிரி இல்லையே. வயித்து வலியா?"

"இல்லம்மா. எனக்கு முகமே இப்படித்தான்."

முதல் சில மேடைகளில் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை அவர் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார். 'இன்னும்' என்பதை இழுத்தார். 'தரலை'க்கு முன்னால் ஒரு மூச்சு விட்டார். எப்படிச் சொன்னாலும் ஐயோதான் வந்தது. கொக்கி தன்னை நாய் என்று சொன்னால் மட்டும் ஆஹா வந்தது. மைக் தன் பணத்தில் வாங்கியது, கடன் தன்னுடையது, மாமன் என்று பாட்டில் வருவதும் தான். ஆஹா மட்டும் அவனுக்கு. நாயாக இருக்கக்கூட ஒரு அதிர்ஷ்டம் வேண்டியிருக்கிறதே என்று தள்ளுவண்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி குமைந்தார்.

ஒரு நாள் துணிந்து தலைவரைப் பார்க்கப் போனார். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தபோது அந்த மாடியிலிருந்த கக்கூஸுக்குப் போனார். கதவில் பூட்டு இல்லை. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே சோப்பு, மடித்து வைத்த துண்டு, ஆள் உயரக் கண்ணாடி. வந்த வேலை முடிந்த பிறகும் அவர் சும்மா கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வர மனம் இல்லை.

"எனக்கும் பாட ஒரு வாய்ப்பு வேணும் ஐயா" என்றார் தலைவரிடம்.

"தாராளமா. உங்க குறை என்ன?"

தள்ளுவண்டி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொறாமை ஐயா."

தலைவர் பேனாவை மூடினார்.

"அது எங்க சுவத்துலயே இல்லையே. மறந்து விட்டதுன்னு நினைக்காதீங்க, யோசிச்சு விட்டது. சோம்பல்னா அது உன் தப்பு, அத்தோட முடிஞ்சுது. குடின்னாலும் உன் தப்பு. பொறாமைன்னு சொன்னா மட்டும், யார் மேலன்னு ஒரு கேள்வி வருது பாருங்க. இன்னிக்கு மச்சினன் மேல. நல்லது. பக்கத்துல இருக்கறவனைப் பாத்து எரியறதுல எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை, நாங்க முடிஞ்ச அளவு ஊக்குவிக்கறோம். ஆனா மனுஷன் கழுத்து இருக்கே, அதைப் பக்கவாட்டுல மட்டும் திரும்பற மாதிரி செய்யலை. ஒரு நாள் மேல பாத்துடும். இவனுக்கு மட்டும் ஏன் மூணு மாடின்னு கேட்டுடும். அதுக்குப் பேர் பொறாமை இல்லை, அரசியல். அரசியலை உள்ள விட்டா எதிர்ப்புப் பாட்டே கெட்டுப்போயிடும். நீங்க ஒண்ணு பண்ணுங்க, குடிக்கப் பழகிட்டு வாங்க. நானே சிபாரிசு பண்றேன்."

தள்ளுவண்டி நன்றி சொல்லிவிட்டு வந்தார். குடிக்கவும் முயன்றார். வாந்திதான் வந்தது.

இதற்கிடையில் விதி வளர்ந்துகொண்டே போனது. அங்கே ஒன்று இங்கே இரண்டு ஆயிற்று, பிறகு இங்கே ஏழு. கொக்கியின் பாட்டில் வெளியே பார்க்கிற வரி கக்கூஸ் வரி ஒன்றுதான் மிஞ்சியது. கக்கூஸ் என்ற சொல் நாற்றம் அடிக்கிறது என்று அதை 'ஓர் அறை' என்று மாற்றினார்கள். பிறகு அது யார் மனதையாவது புண்படுத்தும் என்று 'முன்னொரு காலத்தில் ஓர் அறை' என்று ஆக்கினார்கள். கிடங்கில் பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

வருஷ முடிவில் எதிர்ப்பு விழா வந்தது. அரங்கத்தை நிரப்பக் கிடங்குகளிலிருந்து ஆட்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், ஏற்றுகிறவர்களே ஏறிக்கொண்டதால் கூலி மிச்சம். அன்று கொக்கிக்குச் சிறந்த எதிர்ப்பாளர் பட்டம், நிரந்தர வேலை, குடியிருக்க வீடு.

மேடைக்குப் பின்னால் கொக்கி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "வீட்டுக்குள்ளயே பாத்ரூம் மாமா."

தள்ளுவண்டிக்கு அடிவயிற்றில் யாரோ கொக்கி போட்டு இழுத்ததுபோல் இருந்தது. "நல்லா இரு" என்றார்.

"நேத்துத் தெருவுல எவனோ விசிலடிச்சான். நாயைக் கூப்பிட்டிருக்கான். நான் திரும்பிப் பாத்துட்டேன் மாமா."

வேறு நாளாக இருந்தால் தள்ளுவண்டி தோளில் கை போட்டிருப்பார். அன்று அவர் காதில் பாத்ரூம் மட்டும்தான் விழுந்தது.

மந்திரி முதலில் பேசினார். "நானும் இன்று என்னைச் சுயவிமர்சனம் செய்துகொள்கிறேன். என்னிடம் ஒரு குறை உண்டு. அளவுக்கு மீறி உழைத்துவிடுகிறேன்." பச்சை விளக்கு வெகு நேரம் எரிந்தது. தலைவர் அடுத்து எழுந்தார். "அரசை எதிர்க்க அரசே நாற்காலி போட்டுக் கொடுக்கிற பெருமை நம்முடையது. இத்தனை எதிர்ப்பாளர்களை உருவாக்கியும், நம்மை எதிர்க்க ஒருவரும் இல்லை என்பதே இந்த வாரியத்தின் சாதனை!"

பாட்டு தொடங்கியது. கொக்கி தன்னை ஏழு விதமாகத் திட்டிக்கொண்டான். ஆஹா, ஆஹா. பிறகு மைக்கைத் தள்ளுவண்டியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

தள்ளுவண்டி அதைப் பிடுங்கிக் கையில் வாங்கிக்கொண்டார். கனமாக, குளிர்ச்சியாக, கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் நினைத்தபடியே இருந்தது. இவன் பாட்டு எதில் நிற்கிறது? என் கடனில். கடனை உருவிவிட்டால்?

"தள்ளிட்டேன்" என்றார். "கடனைத் தள்ளுபடி பண்ணிட்டேன். இவன் எனக்கு ஒரு பைசா தர வேண்டாம்!"

அரங்கம் "ஆஹா" என்றது. தள்ளுவண்டிக்கே வந்த ஆஹா. உள்ளுக்குள் இருந்தது அத்தனையும் விஷம் என்று அவர்களுக்குத் தெரியாது.

மதிப்பீட்டு அம்மா மேடைக்கு ஓடி வந்தார். "நீங்களா மன்னிக்கக் கூடாது! மன்னிப்புக்கு விண்ணப்பம் போடணும்!" தலைவர் தன் இருக்கையிலிருந்து, "அது வாரியத்தோட கடன்!" என்று கத்தினார். விளக்குக்காரன் எதைப் போடுவது என்று தெரியாமல் இரண்டையும் அணைத்தான்.

கடன் வாங்கின வாய் என்று கொக்கியால் இனிப் பாட முடியாது, பொய். அவன் வாயில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். மைக்கைத் திரும்ப வாங்கினான்.

"கக்கூஸ் கதவுக்குப் பூட்டு, சாவி யாரு கையில?"

சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் செத்தது. "கால் கடுக்க நின்ன நேரம்" என்று அவன் வெறுந்தொண்டையில் எடுக்க, மீதியை மூட்டைக்காரர்கள் நாற்காலி முதுகைத் தட்டிக்கொண்டு முடித்தார்கள். தள்ளுவண்டியும் பாடினார். பாடும்போதே, இந்தச் சனியன் பிடித்தவனுக்கு மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை கேட்கிறதே என்று ஒரு எரிச்சல் வந்தது. அதைத் தாங்கமாட்டாமல் முகத்தைத் திருப்பினார். கழுத்து கொஞ்சம் மேலே போய்விட்டது. அங்கே விருந்தினர் மேடை. மெத்தை நாற்காலிகள். மடித்த துண்டுகள். அவற்றுக்குப் பின்னால் பூட்டில்லாத ஒரு கதவு.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். மந்திரியையும் தலைவரையும் தாண்டிப் போய் அந்தக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார். வெளியே வந்தபோது அடுத்ததாக ஒருவன் நின்றிருந்தான், அவனுக்குப் பின்னால் இன்னொருவன். வரிசை மேடையிலிருந்து இறங்கி அரங்கத்தின் வாசல்வரை போயிற்று. யாரும் கோஷம் போடவில்லை. எல்லோருக்கும் நிற்கத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மந்திரி நெளிந்துகொண்டு வந்து கதவருகே நின்றார். கொக்கி கையைக் குறுக்கே வைத்தான்.

"வரிசையில வாங்க ஐயா. எதுக்குன்னு காரணமும் சொல்லணும்."

மறுவாரம் இருவரும் பழையபடி கிடங்கில் இருந்தார்கள். உண்மைக்குறைவு என்று கொக்கியின் சான்றிதழை ரத்து செய்திருந்தார்கள். கிடங்குப் பூட்டின் மேல் வாரியம் உடனடியாக நடவடிக்கை எடுத்தது. அதைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்று மாட்டினார்கள். அதனால் அன்று வரிசை வழக்கத்தைவிட நீளமாகவும் சத்தமாகவும் இருந்தது.

"உன் பாட்டைக் கெடுக்கத்தான் தள்ளினேன் மாப்ளே" என்றார் தள்ளுவண்டி.

"தெரியும் மாமா. அக்கா அன்னிக்கே சொல்லிட்டா."

"சரி, மைக்கைக் குடு. என்கிட்ட ரெண்டு வரி இருக்கு."

"யாரு மைக்கு?"

"என் காசுல வாங்கினதுடா!"

"அதைத்தான் ஊரறியத் தள்ளிட்டீங்களே. இப்ப இது என்னுது. வேணும்னா கடனாத் தரேன்."

வரிசை சிரித்தது. தள்ளுவண்டி மைக்கைக் கடனாக வாங்கினார். யாரோ டிரம்மைத் தட்டினார்கள்.

*பக்கத்துலயே பாத்துப் பாத்து எரிஞ்சு போன கண்ணு,*
*மாடி மூணைப் பாத்ததுமே கேக்குது கேள்வி ஒண்ணு!*

வரிசையின் கடைசிவரை ஆஹா என்றார்கள். இன்னொரு தடவை என்றார்கள். தள்ளுவண்டி ஓரக்கண்ணால் கொக்கியைப் பார்த்தார். கொக்கியும் கை தட்டிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது. உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. பார்க்கிறவர்கள் வயிற்று வலி என்றுதான் நினைப்பார்கள். தள்ளுவண்டிக்கு அது என்ன வலி என்று தெரியும்.

பதினாலாயிரத்து அறுநூற்று நாற்பதும் அந்த நிமிஷமே வசூலாகிவிட்டது.